மணல் மூட்டைக்கு ஒரு தலை

"கரடிக்கு மாஸ்க் தச்சிருக்காங்க மாமா."

"யாருக்கு?"

"கரடிக்கு."

"கரடிக்கா?"

"ஆமா. தலகாணி உறை அளவுக்கு இருக்கு, நீலத் துணியில. ரெண்டு காதுலயும் ரப்பர் போட்டு மாட்டி விட்டாங்க. பசங்கல்லாம் ஒரே சிரிப்பு."

"சரிம்மா, உள்ள இருக்கிற உனக்கு?"

"எனக்கு எதுக்கு? நான் உள்ள இருக்கிறது யாருக்குத் தெரியும்?"

எதிர்வீட்டுப் பெரியவரும் அவர் மருமகளும் பேசிக்கொண்டது இது. அவர்கள் வீட்டுக் கதவும் என் வீட்டுக் கதவும் ஒரே நடையில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. நடையின் கோடியில் ஒரு குழாய், அதன் மேலே இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு துணிக்கொடி. அங்கே தும்மினால் இங்கே 'நூறு வயசு' சொல்லலாம். அப்படி ஒரு நெருக்கம்.

மருமகளைக் 'காலைக் கரடி' என்றுதான் கட்டடத்தில் எல்லோரும் சொல்வோம். ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில் கரடி வேடம் அவளுக்கு. அவள் புருஷன் அதே பூங்காவில் பெரிய ராட்டினம் ஓட்டுகிறவன். பெரியவர் அவனுடைய அப்பா. நூற்பாலையில் காலமெல்லாம் பஞ்சைச் சுவாசித்து நெஞ்சு கெட்டுப்போனவர். மூன்று வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்க வேண்டும். 'இந்த நோய் அவரைத் தொட்டால் தாங்க மாட்டார்' என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஊரடங்கில் பூங்கா மூடின நாளிலிருந்து அவர் வாசற்படி தாண்டவில்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எண்ணுவதுதான் வேலை. எண்ணுவதற்கும் ஆள் இருக்காது.

பூங்கா மூடிக்கிடந்த மாதங்களில் ராட்டினக்காரன் தள்ளுவண்டியில் வெங்காயம் விற்றான். அவள் வீட்டிலேயே மாஸ்க் தைத்தாள். ராத்திரி கஞ்சி, காலையில் அதே கஞ்சி. திறக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்த அன்றைக்கு அவள் முட்டை வாங்கி வந்து வறுத்தாள். அந்த வாசனை என் வீட்டுக்குள்ளும் வந்தது.

"கால் பங்கு ஜனம்தான் உள்ள விடணுமாம்," என்றான் ராட்டினக்காரன், சாப்பிட்டுக்கொண்டே. "அரசாங்க உத்தரவு. ஒரு பெட்டி விட்டு ஒரு பெட்டியிலதான் ஆள் ஏத்தணும்."

"கால் பங்கு ஜனம் வந்தா கால் பங்கு சம்பளம் குடுப்பானோ?" என்றார் பெரியவர்.

"சமன் சார் இருக்கிறப்போ என்னப்பா கவலை?"

சமன் சார் என்பது பூங்கா மேலாளருக்கு அவர்கள் வைத்த பேர். கூட்டத்துக்குக் கூட்டம் அவர் சொல்வது ஒன்றுதான்: "ஜனம் குறையிது, வருமானம் குறையக் கூடாது. சமன் பண்ணணும்." எப்படிச் சமன் செய்தார் என்று கேளுங்கள். டிக்கெட் விலையை ஏற்றினார். குடிதண்ணீர்க் குழாய்களை, கை பட்டால் நோய் பரவும் என்று சாக்குத் துணி சுற்றிக் கட்டினார். குழாய்க்குப் பக்கத்திலேயே பாட்டில் தண்ணீர்க் கடை போட்டார். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாது, சுகாதாரம் என்றார். உள்ளே விற்கிற ரொட்டிக்கு மட்டும் நோய் அண்டாது போலிருக்கிறது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். ஆட்களிலும் பாதிப் பேரை அனுப்பிவிட்டார். முன்பு மூன்று கரடிகள் இருந்தன. இரண்டு பெண்களை நிறுத்திவிட்டு, வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த ஒரு நடுவயதுக்காரரைக் கூப்பிட்டு, "இனிமே நீங்க மதியக் கரடி" என்றார். அந்த மனுஷனுக்குப் பெரிய மீசை. கரடித் தலைக்குள்ளே மீசை குத்துகிறது என்று அதையும் எடுத்துவிட்டு வந்தாராம்.

"அண்ணன் மீசையில்லாம பார்க்கவே பாவமா இருக்கு மாமா," என்று அவள் சொல்லிச் சிரித்தாள். "அவங்க வீட்ல அவரை உள்ள விட மாட்டேன்னாங்களாம், யாரு நீங்கன்னு."

கரடி வேடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னதுதான். உடம்புக்கு மெத்தைபோல ஓர் உடுப்பு. தலை தனி. பூசணிக்காய்போலக் கனம். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருக்கும். கரடியின் வாய் வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். மூச்சும் அதே வாய் வழியாகத்தான். கால் மணி நேரத்தில் உள்ளே இருக்கிற பஞ்சு வேர்வையில் ஊறி, மோவாய்ப் பட்டை ஈரமாகிக் கழுத்தில் ஒட்டும். மாஸ்க் போட்டுக்கொண்டு அதற்குள் நிற்க முடியாது, மயக்கம் வரும். இத்தனைக்கும் நடுவில் ஒரு கட்டுப்பாடு: தலை மாட்டிவிட்டால் கரடி பேசக் கூடாது. இருமக் கூடாது. பிள்ளைகள் முன்னால் தலையைக் கழற்றவே கூடாது. உள்ளே ஒரு மனுஷி இருப்பது தெரிந்தால் பிள்ளைகள் அழுதுவிடும். பெற்றவர்கள் புகார் சொல்வார்கள். ஒருமுறை குளவி உள்ளே புகுந்து கன்னத்தில் கொட்டியும் இவள் வாய் திறக்கவில்லை. கைதட்டிக்கொண்டே அறை வரைக்கும் போயிருக்கிறாள்.

திறந்த புதிதில் இவளுக்கு ஒரு தலை, மதியக் கரடிக்கு ஒரு தலை. மூன்றாவது சும்மா ஆணியில் தொங்கியது. அவரவர் தலையை அவரவர் துடைத்து, வெயிலில் காயவைத்து, மறுநாள் மாட்டிக்கொண்டார்கள். அப்படியே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் ராட்டினக்காரன் படியேறும்போதே சீட்டியடித்துக்கொண்டு வந்தான்.

"என்னடா, வெங்காயம் வித்த வாய் சும்மா சீட்டி அடிக்குது?" என்றார் பெரியவர்.

"இன்னிக்கு சமன் சார் எல்லாரு முன்னாடியும் என் முதுகுல தட்டினாருப்பா."

"தொடலாமா? ஆறடி தள்ளி நிக்கச் சொல்லித்தானே போர்டு வச்சிருக்கான்?"

"கேளுங்கப்பா முதல்ல. ராட்டினத்துல ஆள் குறைவா இருந்தா ஒரு பக்கம் கனக்கும், ஒரு பக்கம் தூக்கும். மோட்டார் திணறும். அதுக்காகக் காலிப் பெட்டியில மணல் மூட்டை வச்சு ஓட்டறோம்ல? சார் வந்து பார்த்துட்டு, 'என்னய்யா, காசு குடுத்து வர்றவன் மணல் மூட்டையோட முகத்தைப் பார்த்துக்கிட்டா சுத்தணும்?'னார். நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், 'மூட்டைக்குக் கரடி வேஷம் போட்டு உட்கார வச்சிடலாம் சார், பசங்களுக்குக் குஷியா இருக்கும்'னு. அடேயப்பா! உடனே ஆள் விட்டு எடுத்துட்டு வரச் சொல்லி, நானே மாட்டி உட்கார வச்சேன். ரெண்டு கரடி, எதிர் எதிர்ப் பெட்டியில. கரடிக்குப் பக்கத்துப் பெட்டின்னு தனி டிக்கெட் போட்டுட்டார்ப்பா! வரிசை கட்டி நிக்கிறாங்க."

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"எந்தக் கரடி?" என்றாள் அவள்.

"உங்க ரூம்ல இருந்ததுதான்."

"எங்க ரூம்ல மூணுதான இருந்துச்சு?"

"ஆமா."

"ரெண்டை எடுத்துட்டா மிச்சம் எத்தனை?"

நான் என் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தவள், கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

"காலையில நான், மதியம் அண்ணன். ரெண்டு பேருக்கும் இனிமே ஒரே தலைன்னு சொன்னாங்க இன்னிக்கு. ஏன்னு கேட்டதுக்கு, மத்ததெல்லாம் விளம்பரத்துக்குப் போயிடுச்சுன்னாங்க. எவன் குடுத்த யோசனைன்னு மனசுக்குள்ள வைஞ்சுக்கிட்டே வந்தேன். என் தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!"

"எனக்கு அது தோணவே இல்லம்மா…"

"தோணாது. மூட்டைக்கு வேஷம் கட்டத் தோணும்."

"நாளைக்கே சார்கிட்ட சொல்றேன்."

"சொல்லுங்க. வீட்ல மாமா இருக்காங்க. அடுத்தவர் மூச்சு விட்ட பஞ்சுல என் மூஞ்சியை வச்சுட்டு வந்து அவருக்குச் சோறு போட என்னால முடியாது. எனக்குத் தனியா ஒரு தலை வேணும். வேற ஒண்ணும் கேக்கல."

மறுநாள் அவன் சொன்னான். சமன் சார் சிரித்தாராம். "ராட்டினத்துக் கரடிதான்யா இப்ப நம்ம பூங்காவையே தூக்கி நிறுத்துது. உன் சம்சாரத்துக்கு ஒரு துண்டு குடுத்துத் துடைச்சு மாட்டிக்கச் சொல்லு. மருந்து அடிக்கச் சொல்றேன்." மருந்து அடித்தார்கள். ரோஜாப்பூ வாசனைத் தண்ணீர்.

"புதுசா ஒண்ணு செய்யச் சொல்லலாமே?" என்று நான் நடையில் வைத்து அவளைக் கேட்டேன்.

"கேட்டேன் பெரியம்மா. இந்த வருஷம் செலவு பண்ண மாட்டாங்களாம். மணல் மூட்டைக்குக் காய்ச்சல் வருமா, இருமல் வருமா? அதுக்குத் தனித்தனி உடுப்பு, தனித்தனித் தலை, தனித்தனிப் பெட்டி. ஆறடி என்ன, அறுபது அடி தள்ளி உட்கார்ந்திருக்கு. ரெண்டு உசுரு நாங்க, எச்சில் தலையை மாத்தி மாத்தி மாட்டுறோம்."

அதோடு விட்டாரா சமன் சார்? கயிறு கட்டி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் கரடி நின்று கையாட்டுவதாக இருந்ததை மாற்றினார். கூடுதல் காசு கட்டினால் கயிற்றைத் தாண்டிப் போய்க் கரடியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். கரடிதான் மாஸ்க் போட்டிருக்கிறதே!

மழை பிடித்த வாரத்தில் தலை காயவே இல்லை. காலையில் அவள் மாட்டும்போது முந்தின மதியத்து ஈரம் அப்படியே இருந்தது. இருமல் மிட்டாய் வாசனை அடித்தது என்றாள்.

"யாரு, மதியக் கரடியா?"

"அண்ணன் இருமுறார் பெரியம்மா. தலைக்குள்ள இருமக் கூடாதுன்னு மிட்டாயை வாயில போட்டு அடக்கிக்கிறார். லீவு கேட்டாராம், சனி ஞாயிறு முடியட்டும்னுட்டாங்க."

சனி ஞாயிறு முடிந்தது. மதியக் கரடி வரவில்லை. "ஊருக்குப் போறேன்னு வேலையை விட்டுட்டுப் போயிட்டார்" என்றார் சமன் சார். இவளே காலைக்கும் மதியத்துக்குமாகச் சேர்த்து நின்றாள். அன்று சாயங்காலம் மதியக் கரடியின் மனைவியிடமிருந்து போன் வந்தது. அவள் அதை நடையில் நின்று பேசினாள். மறுபக்கத்துக் குரல் அழுகையாகவே எனக்கும் கேட்டது.

"அண்ணி, மெதுவா சொல்லுங்க… எந்த ஆஸ்பத்திரி?… பெரிய வார்டா? ஆக்சிஜன் வச்சிருக்காங்களா?… எங்ககிட்ட ஊருக்குப் போயிட்டார்னு சொன்னாங்களே… என்னிக்குத் தெரியும் அவங்களுக்கு?… நீங்களே போன் பண்ணிச் சொன்னீங்களா? சேர்த்த அன்னிக்கேவா?"

போனை வைத்துவிட்டு அவள் வீட்டுக்குள் போகவில்லை. நடையிலேயே குழாயடியில் உட்கார்ந்தாள். பெரியவர் கதவைத் திறக்கப் போனார்.

"திறக்காதீங்க மாமா! கிட்ட வராதீங்க!"

"என்னம்மா…"

"ஜன்னலுக்கே போங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்னு சொல்லலாம்னா தொடவும் முடியாது. போங்க."

அன்றிலிருந்து பரிசோதனை முடிவு வருகிற வரைக்கும் அவளுக்கு நடைதான் வீடு. ராட்டினக்காரன் மொட்டை மாடியில் படுத்தான். நான் தட்டை வைத்துவிட்டு நகர்ந்த பிறகு அவள் வந்து எடுத்துக்கொள்வாள். கதவுக்கு உள்ளேயிருந்து பெரியவர் பேசுவார், மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சாக.

"இருமல் இருக்காம்மா?"

"இல்ல மாமா."

"மறைக்காம சொல்லு."

"கரடியா இருந்தாத்தான் மாமா மறைப்பேன்."

"அந்தப் புள்ளைங்கள்லாம்? கட்டிப்பிடிச்சதுங்க?"

"சார்கிட்ட போன்ல கேட்டேன் மாமா. கட்டிப்பிடிச்சவங்க வீட்டுக்கெல்லாம் சொல்லிடுங்கன்னேன். 'சொன்னா யாரும்மா வருவா? கூட்டமே கால் பங்கு, அதையும் கெடுக்காத'ன்னார்."

கதவுக்குப் பின்னால் பெரியவர் இருமினார். கோபத்தில் வந்த இருமல்.

"ஆலையிலயும் இப்படித்தாம்மா. பஞ்சு நெஞ்சுல ஏறுதுன்னா… பீடி குடிச்சியான்னு கேப்பான். நான் குடிச்சதே இல்ல. ஒரு நாளும் வாய் திறந்து… நான் கேக்கல. அதான் இப்ப… பேச மூச்சு இல்ல."

முடிவு வந்தது. அவளுக்கும் அவனுக்கும் ஒன்றும் இல்லை. அவள் தலைக்குக் குளித்து வீட்டுக்குள் போய், மாமனாருக்கு வெகு தூரத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடிப்பதற்குள் சமன் சாரிடமிருந்து போன். "ஒண்ணும் இல்லேல்ல? நாளைக்கு வந்துடு. விடுமுறைக் கூட்டம். மதியத்துக்கு வேற ஆள் போட்டாச்சு."

"தலை, சார்?"

"அதே தலைதான். நல்லாத் தொடச்சு வச்சிருக்கு."

மறுநாள் காலை நடந்ததை அவளும் சொன்னாள், அவனும் சொன்னான். இரண்டையும் சேர்த்துத்தான் நான் இங்கே எழுதுகிறேன்.

அவள் அறைக்குப் போய் உடுப்பை மட்டும் மாட்டிக்கொண்டாள். கடைசியாக நின்ற அன்று சாயங்காலமே அதை அவள் சோப்புப் போட்டு அலசி வைத்திருந்தாள். தலையைத் தொடவில்லை. கழுத்துக்குக் கீழே கரடி, மேலே மனுஷி, முகத்தில் வீட்டில் தைத்த மாஸ்க். இப்படியே கூட்டத்துக்கு நடுவே ராட்டினத்துக்கு நடந்தாள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு வழி விட்டன. ராட்டினக்காரன் விசைக்கட்டையில் கை வைத்து நின்றிருந்தான்.

"அந்தப் பெட்டியை இறக்குங்க," என்றாள்.

"இங்க எதுக்கு வந்த? சார் பார்த்தா…"

"இறக்குங்கன்னேன்."

"வேலை போயிடும்மா. ரெண்டு பேருக்கும் போயிடும்."

"மதியக் கரடிக்கு வேலை போகல? அவரு ஒண்ணும் கேக்காம அடக்கிக்கிட்டுத்தான இருந்தார்? நீங்க மாட்டி விட்டீங்க. நீங்களே கழட்டிக் குடுங்க."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். ராட்டினம் மெள்ளச் சுற்றி, கரடி உட்கார்ந்த பெட்டி கீழே வந்து நின்றது. அவன் கம்பியை விலக்கி, தான் மாட்டிய தலையைத் தானே இரண்டு கையாலும் தூக்கினான். அடியில் சணல் கட்டிய மூட்டைக் கழுத்து. மணல் கொஞ்சம் உதிர்ந்தது.

"அம்மா, கரடிக்குள்ள மண்ணும்மா!" என்று வரிசையில் ஒரு பிள்ளை கத்தியது.

"இதுல மண்ணு. அதுல அக்கா," என்றது இன்னொன்று, வெகு தெளிவாக. ஒன்றும் அழவில்லை. அழும் அழும் என்று இத்தனை காலம் குளவி கொட்டினதைக்கூட விழுங்கினாளே, அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

தலையைக் கவிழ்த்து மணலைத் தட்டிவிட்டு, மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அவள் அதை மாட்டிக்கொள்வதற்கும் சமன் சார் ஓடி வருவதற்கும் சரியாக இருந்தது.

"என்னய்யா இது? மூட்டையைக் காட்டிக்கிட்டு! யாரைக் கேட்டுக் கழட்டின? ஏம்மா, உனக்கு அறிவு…"

அதோடு நின்றுவிட்டார். எதிரில் இருப்பது கரடி. சுற்றிலும் காசு கொடுத்து வந்த ஜனம். எல்லோர் கையிலும் போன், படம் எடுக்கிறார்கள். கரடி மெதுவாக, பிள்ளைகளுக்கு ஆட்டுகிற மாதிரியே, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. பிள்ளைகள் கைதட்டின. கரடியைத் திட்டுகிற மேலாளரை யார் ரசிப்பார்கள்? அவர் பல்லை இளித்துக்கொண்டு, கரடியின் தோளில் தட்டுகிற சாக்கில் காதுப்பக்கம் குனிந்து சொன்னாராம்: "தலையைக் கழட்டுவேல்ல, அப்ப வச்சுக்கிறேன்."

அவள் கழற்றவில்லை. காலை முடிந்தும் கழற்றவில்லை. சாப்பாட்டு வேளையிலும் அறைக்குப் போகவில்லை. புதிதாக வந்த மதிய ஆள் கேட்டபோதும் தலையை ஆட்டினாள். கட்டிப்பிடிக்க வந்தவர்களுக்கெல்லாம் கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கையாட்டினாள். கிட்டே வந்தால் பின்னால் போய் வெட்கப்படுகிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டாள். அதுவும் விளையாட்டு என்று நினைத்து ஜனம் சிரித்தது. தண்ணீர் குடிக்கவில்லை. ராட்டினக்காரன் சுற்றிச் சுற்றிப் பெட்டிகளை இறக்கும்போதெல்லாம் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தலையில்லாத மூட்டையும் அவன் பார்க்கப் பார்க்க மேலே போய்க் கீழே வந்தது.

பூங்கா மூடியதும் வாசல் காவலாளி, "தலையை வச்சுட்டுப் போம்மா" என்றான். கரடி அவனுக்கும் தலையை ஆட்டிவிட்டு வெளியே நடந்தது. ராட்டினக்காரன் ஒரு பத்தடி பின்னால் வந்தான், முன்னால் போக முகமில்லாமல்.

படியில் தடதடவென்று சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தேன். நடை நிறையக் கரடி. பெரியவர் உள்ளேயிருந்து கேட்டார்:

"யாரது?"

"நான்தான் மாமா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "தண்ணி… பெரியம்மா, கொஞ்சம் தண்ணி."

தலையைக் கழற்றினாள். முடியெல்லாம் மணல். ஒரு செம்பை மூச்சு விடாமல் குடித்துவிட்டு, அதே குழாயடியில் உட்கார்ந்து கரடித் தலையைச் சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். ராட்டினக்காரன் படியோரமாக நின்றவன், கிட்டே வந்து, பஞ்சைப் பிழிகிற வேலையை வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் சேர்ந்து அதைத் துணிக்கொடியில் காதைப் பிடித்து மாட்டினார்கள். சொட்டுச் சொட்டாக மணல் தண்ணீர் விழுந்தது.

"காலையில இதைத்தான் மாட்டிட்டுப் போவேன்," என்றாள். "திருடல. வேலைக்குத்தான்."

"விடுவாங்களா?" என்றான் அவன்.

அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. அவன் எடுத்துப் பார்த்தான். "சார்தான். எடுக்காத. விடிஞ்சதும் நேர்ல போய்க் கைகால்ல விழுந்து…"

"நீ விழு," என்றார் பெரியவர், கதவைப் பிடித்துக்கொண்டு. "அவகிட்ட… போனைக் குடு."

அவள் ஈரக் கையைக் கரடி உடுப்பில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"சொல்லுங்க சார். ஆமா, கரடிதான் பேசுறேன்."

அந்தப் பக்கம் கத்துகிற கத்தல் எனக்கே கேட்டது. அவள் அது ஓய்கிற வரைக்கும் கொடியில் தொங்குகிற தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா சார்? இருக்கட்டும். ஊருக்குப் போயிட்டார்னீங்களே, மதியக் கரடி எந்த ஆஸ்பத்திரியில, எந்த வார்டுல இருக்காருன்னு தெரியுமா உங்களுக்கு? தெரியாதுல்ல? எழுதிக்கங்க, சொல்றேன்."